போன வருடத்து நோட்டீஸ்

கணினி அம்மனை எழுத்து என்று நினைத்துவிட்டது. கிரீடம் இருந்த இடத்தில் வரிசையாக 'ஊஊஊ'. சூலம் இருந்த இடத்தில் ஓர் ஆச்சரியக்குறி.

ஜெயஸ்ரீ திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஸ்டூலில் பாஸ்கர் உட்கார்ந்திருந்தார்.

கல்மண்டபம் பகுதியில் அவள் ஜெராக்ஸ் கடை புதிது. இதுவரை ஆதார் அட்டைதான் வந்துகொண்டிருந்தது, முன்பக்கம் பின்பக்கம். இன்று காலை பாஸ்கர் வந்தார். பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். விழாக் கமிட்டி அனுப்பியது என்றார். கையில் நான்காக மடித்த போன வருட ஆடித் திருவிழா நோட்டீஸ். அதை அடித்த அச்சகம் மூடிவிட்டது. ஃபைல் கிடையாது.

ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்ற வேண்டும். தேதியைத் திருத்த வேண்டும். மற்றது அப்படியே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நன்றாக வந்தால் குப்பத்துக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர் எல்லாம் இனி இவளுக்குத்தான் என்றார். இப்போது அவையெல்லாம் எதிர்க்கடை ஃபவாஸிடம் போய்க்கொண்டிருந்தன.

“எதுவும் நவரக் கூடாதும்மா,” என்றார் பாஸ்கர். “நோட்டீஸ்ல பேரு எங்க கீதோ, ஊர்ல மனுசன் அங்கதான் கீறான்.”

நோட்டீஸில் இரண்டு பத்தி. இடப்பக்கம் விசைப்படகு வைத்திருப்பவர்கள். வலப்பக்கம் ஃபைபர் படகுக்காரர்கள். நடுவில் அம்மன். அடியில் பொடி எழுத்தில் பந்தல், கூழ், மைக் செட். அம்மனுக்கு மேலே, கொட்டை எழுத்தில், தனியாக ஒரு பெயர்: பாஸ்கர்.

ஜெயஸ்ரீ ஊஊஊவை அழித்தாள். அம்மனைப் படமாக வெட்டி ஒட்டினாள். அப்போதுதான் மற்றதைப் பார்த்தாள். கணினி இரண்டு பத்தியையும் குறுக்கே படித்திருந்தது. விசைப்படகு ஏகாம்பரமும் ஃபைபர் தேசப்பனும் ஒரே வரியில் ஒட்டி ஒரே ஆளாகியிருந்தார்கள்.

அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்றார் பாஸ்கர்.

பத்திகளைப் பிரித்தாள். பிரிந்தன. ஆனால் பாஸ்கரின் பெயர் மேலேயிருந்து இறங்கி, பக்கத்தின் அடியில் மைக் செட் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

“இன்னாம்மா இது?”

“லேஅவுட் கலைஞ்சிடுச்சுண்ணா. ஏத்திடறேன்.”

ஏற்றினாள். அம்மன் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். எழுத்தைச் சிறிதாக்கினாள். அம்மன் திரும்பி வந்தாள். ஃபைபர் படகுக்காரர்கள் மொத்தமாக அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். அவர்களை வெளியே இழுத்தாள். பாஸ்கர் மறுபடி மைக் செட்டுக்குப் போனார்.

“அந்த மெஷினுக்கு எம்மேல இன்னா காண்டு?” என்றார் பாஸ்கர். ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எதிர்க்கடையிலிருந்து ஃபவாஸ் டீயோடு வந்து எட்டிப் பார்த்தான். உட்கார்ந்து டைப் அடித்திருந்தால் எப்பவோ முடிந்திருக்கும் என்று பொதுவாகச் சொன்னான். ஜெயஸ்ரீக்கும் அது தோன்றியிருந்தது. அவன் சொன்னதால் இனி டைப் அடிக்க முடியாது.

பெயர்களைப் பெட்டிகளுக்குள் போட்டுப் பூட்டினாள். தேதியை மாற்றினாள். புதுத் தேதி பழையதைவிட ஓர் எழுத்து நீளம். ஒரு வரி இடித்து, அது அடுத்ததை இடித்து, கடைசியில் ஏகாம்பரம் கீழே இருந்த ஐஸ் பேக்டரி விளம்பரத்துக்குள் விழுந்தார். பாஸ்கர் அதற்குக் கவலைப்படவில்லை. தன் பெயரைத் தேடினார். அது மைக் செட்டில் இருந்தது.

அவர் முகம் கறுத்தது. ஃபவாஸ் கடையில் கேட்டுப் பார்க்கட்டுமா என்றார்.

ஜெயஸ்ரீ எல்லாவற்றையும் அழித்தாள். பழைய நோட்டீஸைத் திரையில் மங்கலாக அடியில் விரித்தாள். அதன்மேல் ஒவ்வொரு பெயராக அது இருந்த இடத்திலேயே வைத்து அடித்தாள். தப்பாக விட்டிருந்த இடைவெளியைக்கூட அப்படியே விட்டாள். பிறகு அடியில் இருந்ததை உருவி எடுத்தாள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால், தேதியைத் தவிர, அச்சு அசல். பாஸ்கர் தன் பெயர்மேல் விரலை வைத்து, அம்மனுக்கு எவ்வளவு மேலே என்று இரண்டிலும் அளந்து பார்த்தார். சிரித்தார்.

அடித்து முடித்த நோட்டீஸ் கட்டுகளை அவரே ஆட்டோவில் ஏற்றினார். கமிட்டிக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்டாள். நேராகச் சுவரில் ஒட்டினால் எல்லோரும் பார்த்துவிடுவார்களே என்றார். ஆட்டோ போனது. பசை வாளி பின்சீட்டில் தெரிந்தது.

கடையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது பச்சையம்மா வந்தாள். அதே குப்பம், மீன் விற்பவள். ஆதார் ஜெராக்ஸ் கேட்டாள். மேசையில் கிடந்த புது நோட்டீஸைப் பார்த்ததும் அதைக் கையில் எடுத்தாள்.

“இத்த யாரும்மா அடிச்சது?”

“நான்தான்க்கா. போன வருசம் எப்படி இருந்துச்சோ அப்படியே.” ஜெயஸ்ரீயால் பெருமையை மறைக்க முடியவில்லை. “பாஸ்கரண்ணா இப்பதான் ஒட்ட எடுத்துனு போனாரு.”

பச்சையம்மா நோட்டீஸை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“மைக் செட்டு பாஸ்கர் பேரு போன வருசம் பிரஸ்காரன் பண்ண தப்புல அம்மனுக்கு மேல ஏறிடுச்சுன்னு, அத்த எறக்கி அடிச்சுகினு வாடான்னுதானேம்மா ஊரே கூடி அவன அனுப்பிச்சுது.”