மனைவி பக்கத்துக் கதவு

அன்று சந்தையில் நடந்ததை முழுக்கப் பார்த்தவர்கள் நால்வர்: சர்வேயர், அவர் மனைவி, மகளைக் கொடுத்த வீட்டுச் சம்பந்தி, மெக்கானிக். இப்போது இதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

பழைய கார் சாமான்களும் கருவிகளும் கைமாறும் சந்தை அது. மைதானம் முழுக்கத் தார்ப்பாய்; அதன்மேல் துருப்பிடித்த ஸ்பேனர்கள், கார்புரேட்டர்கள், ஜோடியில்லாத விளக்குகள். அங்கே காசு செல்லாது. சாமானுக்குச் சாமான்.

சர்வேயர் தேடி வந்தது ஒரே ஒரு கைப்பிடி. அவருடைய பழைய காரில் மனைவி உட்காரும் பக்கத்துக் கதவுக்கு இரண்டு வருஷமாக உள்பிடி இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். போன மாதம் இதைப் பார்த்த சம்பந்தி, நாலு பேர் நடுவில், "சம்பந்தியம்மாவுக்கு நல்ல டிரைவர் அமைஞ்சிருக்கார்" என்று சொல்லிவிட்டார். சர்வேயர் பரம்பரையில் யாரும் அப்படியொரு பேச்சு வாங்கியதில்லை. அந்தச் சம்பந்தியையே சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார்.

பிடி முதல் வரிசையிலேயே கிடைத்தது. வைத்திருந்தவர் பதிலுக்குக் கண்ணாடி இறக்கும் பிடியைக் கேட்டார். சர்வேயர் தன் பக்கத்துக் கதவிலிருந்தே கழற்றிக் கொடுத்தார். கண்ணாடி ஏற்றியபடி நின்றுவிட்டது. புழுக்கத்தைத் தாங்கலாம், கேலியைத் தாங்க முடியாது.

மாட்டப் பார்த்தால், பிடியை இறுக்கும் கிளிப் இல்லை.

"இது இல்லாம மாட்டினா கையோட வந்துடும் அய்யா" என்றார் மெக்கானிக்.

கடைசி வரிசையில் ஒருவரிடம் கிளிப் இருந்தது. அவருக்கு வேண்டியது, ஓட்டுகிறவர் பக்கத்து உள்பிடி.

மெக்கானிக் வேண்டாம் என்றார். மனைவியும் வேண்டாம் என்றார், வழக்கத்தைவிட அழுத்தமாகவே. சம்பந்தி சிரித்தார். அந்தச் சிரிப்பு போதும். சர்வேயர் தன் பிடியைக் கொடுத்துவிட்டார்.

மெக்கானிக் மாட்டி முடித்ததும், சர்வேயர் மனைவியை உள்ளே உட்காரவைத்து, தானும் ஏறித் தன் கதவை ஓங்கிச் சாத்தினார். மனைவி பிடியைத் திருப்பினார். கதவு திறந்தது. அவர் இறங்கி நின்றார்.

சர்வேயரின் கை தன் கதவில் பிடியைத் தேடியது. இல்லை. கண்ணாடியையாவது இறக்கலாமென்று தேடியது. அதுவும் இல்லை. மனைவியின் இருக்கை வழியாகத் தவழ்ந்து வெளியே வரலாம்தான். சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது கௌரவமான குடும்பத்தில் பிறந்தவர் தவழமாட்டார். ஏதோ யோசிப்பவர்போல் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மனைவிதான் சுற்றி வந்து திறந்துவிட்டார்.

"இப்ப யாருக்கு யார் டிரைவர் சம்பந்தி?" என்று கேட்டுவிட்டுச் சம்பந்தி டீ குடிக்கப் போனார்.

"எல்லாம் அந்தப் பழைய பிடி உடைஞ்சதால வந்தது" என்று சர்வேயர் மெக்கானிக்கிடம் எரிந்து விழுந்தார்.

"அது உடையலை அய்யா. அம்மாதான் கழட்டித் தரச் சொன்னாங்க. கோவம் வந்தா வண்டியை நிறுத்திட்டு, திரும்பிக்கூடப் பார்க்காம வீட்டுக்குள்ள போயிடுவீங்களாமே. கழட்டினப்புறம் அப்படிப் போக முடியலையாம்."

சர்வேயர் மனைவியைப் பார்த்தார். அவர் தார்ப்பாயில் கிடந்த ஒரு ஸ்பேனரை எடுத்து, வாங்கப்போகிறவர்போல் மும்முரமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வேயர் தன் பக்கத்துக்கு மட்டும் வேறு பிடி மாட்டிக்கொண்டார் என்றும், மனைவி பக்கத்துக்குச் சரியான சாமான் கிடைக்காததால்தான் இன்றும் சுற்றி வந்து கதவு திறக்கிறார் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. சாமான் கிடைத்தது, கச்சிதமாகப் பொருந்தியது. மறுநாள் காலை அதைக் கழற்றியவர் சர்வேயர்.