டீச்சர் ஏறுவதற்கு ஒரு வண்டி

பக்கவாட்டுக் கண்ணாடி இரண்டையும் மடக்கியாயிற்று. அதற்குமேல் மடக்க அந்த வண்டியில் ஒன்றுமில்லை. இடது பக்கம் கிருஷ்ணமணியின் சிமெண்டு மதில். வலது பக்கம் ஷாஜனின் கல்லடுக்கிய கையாலைச் சுவர். இரண்டுக்கும் நடுவே, ஓட்டிப் பார்ப்பதற்காக ஷோரூமிலிருந்து வந்த புத்தம் புது வண்டி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது.

"கேறும் கேறும்னு நீங்கதானே அண்ணா சொன்னிய?" என்று உள்ளேயிருந்து கேட்டான் லிஜின். ஷோரூமின் விற்பனைப் பையன். கழுத்தில் டை, காலில் பளபளக்கும் ஷூ.

"கேறத்தானே செய்து? இறங்கத்தான் இல்ல" என்றார் வெளியே நின்ற ஷாஜன்.

"கதவு தொறக்க மாட்டேங்குது. நான் எப்படி வெளிய வாறது?"

"டிக்கி வழியா வா மக்கா."

லிஜின் பின்சீட்டைத் தாண்டி, டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, டிக்கி வழியாகத் தவழ்ந்து வந்து மண்ணில் குதித்தான். வாடிக்கையாளருக்கு வண்டியின் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று இவ்வளவு தெளிவாக அவன் யாருக்கும் காட்டியதில்லை.

ஷாஜனுக்கு வண்டி மோகமெல்லாம் கிடையாது. அருமனையில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை. போகவர ஒரு பைக். அதுவே அவருக்கு மிச்சம். வண்டி வேண்டியது மனைவி ஷிபாவுக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மார்கழியில் முதுகில் வட்டு விலகி, அன்றிலிருந்து மருத்துவ விடுப்பு. "பைக் கூடாது, ஆட்டோ கூடவே கூடாது. குனிஞ்சு ஏறுற காரும் வேண்டாம். நாற்காலியில இருக்கது மாதிரி இருக்கணும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வகுப்பில் போய் நிற்காவிட்டால், வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கவேண்டியதுதான். வீட்டில் இருப்பது ஷிபாவுக்கு ஆகாது. ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவந்த வசவு முழுவதும் இப்போது ஷாஜன் ஒருவருக்கே கிடைத்துக்கொண்டிருந்தது.

"க்ராஸ்ஓவர் எடுங்க அண்ணா. காரும் இல்ல, ஜீப்பும் இல்ல, ரெண்டும் கலந்தது. சீட்டு நல்ல உயரம், ஆட்டமும் இல்ல" என்று லிஜின்தான் சொன்னான். சொன்னவன் கொண்டுவந்தும் விட்டான். மாட்டியும் விட்டான்.

எதிர் கேட் திறந்தது. கிருஷ்ணமணி வந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தோளில் துண்டு, முகத்தில் கடுகடுப்பு. ஷாஜனும் அவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது. ஷாஜனின் பலாமரத்திலிருந்து ஒரு சக்கை விழுந்து கிருஷ்ணமணியின் ஸ்கூட்டர் தலையைப் பிளந்துவிட்டது. மரத்தை முறி என்றார் அவர். ஸ்கூட்டரை மாற்றி வை என்றார் இவர். அன்றோடு சரி.

"தம்பி, மதில்ல ஒரு கீறல் விழுந்தா கதை வேற மாதிரி போகும்னு அவருகிட்ட சொல்லு" என்றார் கிருஷ்ணமணி லிஜினிடம்.

அவர் என்பது நாலடி தள்ளி நின்ற ஷாஜன்.

"அண்ணா, மதில்ல கீறல்..."

"கேட்டுது. ஒரு கீறலும் விழாதுன்னு சொல்லு."

"சார், ஒரு கீறலும்..."

"எனக்கும் காது உண்டு."

ஷாஜனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எவனுக்க மதிலும் வேண்டாம். எனக்க கையாலையில ரெண்டு மூணு கல்லை உருவினா வண்டி தன்னால வந்துரும்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு கல் வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவதை உருவியதுதான் தாமதம், பாதிக் கையாலை மண்ணோடும் கல்லோடும் மடமடவென்று சரிந்து வண்டிக்கு முன்னால் வழியில் உட்கார்ந்துகொண்டது. லிஜின் எப்படித்தான் டிக்கிக்குள் பாய்ந்தானோ, வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் பறந்துவிட்டான்.

ஷிபா இடுப்பில் கை கொடுத்தபடி வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"வீட்டு நடைக்கு வண்டி வரும்னு சொன்னியளே. இருந்த வழியும் போச்சா?"

மறுநாள் கையாலை கட்டும் முருகதாஸ் வந்து மண்ணைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"பழைய எடத்திலயே கட்டவா, உள்ள தள்ளிக் கட்டவா?"

"தள்ளித்தான்."

"எம்புட்டு தள்ளணும்?"

"வண்டி போகணும்."

"எந்த வண்டி?"

ஷாஜன் லிஜினுக்கு போன் போட்டார். "வழிக்க அகலத்தைச் சொல்லுங்க அண்ணா, அதுல கொள்ளுற வண்டியா காட்டுறேன்" என்றான் அவன். வழியின் அகலம் தெரிய வண்டி வேண்டும். வண்டி தெரிய வழி வேண்டும். முருகதாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நீங்க ரெண்டுபேரும் பேசி முடிச்சிட்டு விளியுங்க" என்று போய்விட்டார்.

"நாம மட்டும் எதுக்கு தள்ளணும்?" என்றாள் ஷிபா. "அவரு மதிலை ஒரு அடி தள்ளட்டு, நாம ஒரு அடி தள்ளுவோம். உங்க சக்கை மரமும் பிழைச்சுக்கிடும். போய்க் கேளுங்க."

"அந்த மனுஷன்கிட்டயா?"

"அப்ப நான் ராஜினாமா எழுதட்டா?"

ஷாஜன் போனார். கேட்டைத் தட்டினார். கிருஷ்ணமணி வந்து நின்று புருவத்தை மட்டும் உயர்த்தினார். ஒரு அடி என்று கேட்க வாயைத் திறந்தவரை, ஆறு வருடத்து வீம்பு விடவில்லை. என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே, "அண்ணாச்சி, ஒரு வண்டி எடுக்கணும். எது கொள்ளாம், எது ஆகாது?" என்று கேட்டுவிட்டார்.

கிருஷ்ணமணியின் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்கவேண்டுமே!

"உள்ள வாரும் ஓய்! நிக்கியீரே!"

சாயா வந்தது. நேந்திரங்காய் உப்பேரி வந்தது. அதன் பிறகு ஷாஜன் வாய் திறக்க இடமே இல்லை. தரையிலிருந்து வண்டி எவ்வளவு உயரம் இருக்கணும், பின்சீட்டில் தொடை எவ்வளவு தாங்கணும், டிக்கியில் எத்தனை வாழைக்குலை படுக்கும், எல்லாம் சொன்னார். "சின்னதுல கை வைக்காதயும். தீப்பெட்டியாக்கும் அது. எடுத்தா பெருசா எடுக்கணும். அதுல முன்சீட்டுக்கு அடியில ஒரு அறை உண்டு, கேட்டீரா, யாருக்கும் தெரியாது."

யூட்யூப் பார்த்தே மனிதருக்கு எவ்வளவு அறிவு என்று ஷாஜன் வியந்து போனார். வியப்பில் ஒரு அடி மறந்துபோயிற்று.

"கேட்டியளா?" என்றாள் ஷிபா, அவர் வீட்டுக்குள் காலை வைக்குமுன்.

"ஏட்டி, ஆறு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் சாயா தந்திருக்காரு. உடனே மதிலை இடின்னா எப்படி? வண்டி பாக்கப் போகும்போது பைய கேட்டுக்கிடலாம்."

ஆகையால் வண்டி பார்க்கக் கிருஷ்ணமணியும் வந்தார். வந்தார் என்ன, முன்னால் நடந்தார். ஷோரூமில் அவரைக் கண்டதும் வாட்ச்மேனே எழுந்து நின்றார். மனிதரின் நடை அப்படி.

ஷிபா முதலில், வழியில் மாட்டிய அந்தச் சின்ன வண்டியில் ஏறினாள். ஏறினாள் என்றுகூடச் சொல்லமுடியாது. சும்மா திரும்பி உட்கார்ந்தாள், கால் இரண்டையும் உள்ளே எடுத்துவைத்தாள், அவ்வளவுதான். ஒரு 'அம்மா' இல்லை, ஒரு 'கர்த்தாவே' இல்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் வலியில்லாத ஒரு சிரிப்பைப் பார்த்து ஷாஜனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இது போதும்" என்றாள் ஷிபா.

"டீச்சர், பெருசுலயும் ஒண்ணு இருந்து பாருங்க" என்றார் கிருஷ்ணமணி.

பெரியதில் ஏற லிஜின் ஒரு முக்காலி கொண்டுவந்தான். முக்காலி போதாமல் அதன்மேல் ஒரு பெட்டி வைத்தான். ஷாஜன் ஒரு கையும் லிஜின் ஒரு கையும் பிடித்தார்கள். 'அம்மா'வும் வந்தது, 'கர்த்தாவே'யும் வந்தது.

"நடைக்கல்லு ஒண்ணு போட்டா தீந்துது. என்ன சொல்லுதீரு ஷாஜன்?" என்று தோளில் கை போட்டார் கிருஷ்ணமணி.

தோளில் கை! ஒரு அடி கேட்க இதைவிட நல்ல நேரம் வருமா? மனிதரை இப்போது மறுத்துப் பேசக்கூடாது என்று, "பெருசுதான் அண்ணாச்சி, சந்தேகமே இல்ல" என்று சொல்லிவிட்டார் ஷாஜன். ஷிபா பார்த்த பார்வையில் லிஜின்கூட ஒதுங்கி நின்றான்.

பெரிய வண்டி என்றானதும் வேலை சூடு பிடித்தது. அடுத்த நாள் விடியும்போதே கிருஷ்ணமணி ஒரு சட்டி நிறையச் சுண்ணாம்புப் பொடியோடு வழியில் நின்றார். முருகதாஸை விளித்ததும் அவர்தான்.

"கண்ணாடியை விரிச்சு வச்சுட்டுப் போகணும், மடக்கிட்டுப் போறது எழவு. இங்க போடு கோடு" என்றார். கோடு ஷாஜனின் பக்கம் ஒரு அடி உள்ளே விழுந்தது. "மழையில ஒரு ஆளு குடை பிடிச்சு கூட நடக்கண்டாமா?" கோடு இன்னும் ஒரு அடி உள்ளே போயிற்று. "கேட்டுல திரும்பணும்லா ஓய், வளைவுக்கு எடம் விடும்." கோடு போய்ப் போய்ப் பலாமரத்தின் அடிமூட்டில் நின்றது.

"அண்ணாச்சி, மரம் நிக்கே. நல்ல வருக்கைச் சக்கையாக்கும்."

"டீச்சருக்க வேலை பெருசா, சக்கை பெருசா?"

மரம் விழுந்தது. ஷாஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிருஷ்ணமணி தன் மதிலில் ஒரு கல்லைக்கூட அசைக்கவில்லை. ஆனால் வேலை முடியும்வரை வெயிலில் குடையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார், வேலைக்காரருக்கெல்லாம் சாயாவும் வடையும் தன் வீட்டிலிருந்தே வரவழைத்தார்.

"இந்தக் காலத்துல அடுத்த வீட்டுக்காரனுக்காக எவன் இப்படி வெயில் காய்வான்?" என்று ஷாஜன் ராத்திரி சாப்பாட்டில் உருகினார்.

"நான் ஏற முடியாத வண்டிக்கு எதுக்கு இந்த வழி?" என்றாள் ஷிபா. "நல்லா கேட்டுக்கிடுங்க. சின்ன வண்டி வந்தா நான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். பெரிய வண்டி வந்தா அதுல நீங்களும் உங்க அண்ணாச்சியும் திற்பரப்புக்குக் குளிக்கப் போங்க."

ஷாஜனுக்கு உறக்கம் போயிற்று. ஷிபாவின் வேலையை விடமுடியாது, சின்ன வண்டிதான். ஆனால் இவ்வளவு பாடுபட்ட மனிதரிடம் போய், உமது பெரிய வண்டி வேண்டாம் என்று எந்த நாக்கால் சொல்வது? ஆறு வருடம் பேசாமல் இருந்தவர் இனி அறுபது வருடம் பேசமாட்டார். காலையில் சர்ச்சுக்குப் போவதுபோல் குளித்துவிட்டு, எதிர் வீட்டுக்குப் போனார்.

"அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்து போச்சு. அவளுக்குப் பெருசுல கேற முடியல்ல. சின்னதையே... மன்னிக்கணும்."

கிருஷ்ணமணி வழியைப் பார்த்தார். புதிய கையாலையைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுக்கா ஓய் இந்த வெப்ராளம்? டீச்சருக்கு எது சுகமோ அதை எடும். வழி ஆச்சுல்லா, அது போதும்!"

என்ன பெரிய மனசு! இப்படிப்பட்டவரோடு ஒரு சக்கைக்காக ஆறு வருடம் முகம் கொடுக்காமல் இருந்தோமே என்று, ஷாஜன் வீட்டுக்கு வந்து ஷிபாவின் முன்னால் அழுதே விட்டார். ஷிபாவும் நெகிழ்ந்துபோனாள். "நான்தான் அவரைத் தப்பா நினைச்சிட்டேன்" என்றாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வண்டி வருவதாக ஏற்பாடு. போதகர் வந்து ஜெபித்து வைக்க ஒத்துக்கொண்டிருந்தார். ஷிபா புதுச்சேலை உடுத்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே கிருஷ்ணமணியும் வெள்ளை வேட்டி சட்டையில் கேட்டோரம் நின்றார்; தங்கள் சந்தோஷத்துக்காக மனிதர் பட்டுக்கரை வேட்டி உடுத்தி நிற்கிறாரே என்று ஷாஜன் கையெடுத்துக் கும்பிட்டார்.

ரோட்டில் ஹாரன் கேட்டது. வழியில் ஒரு வண்டி திரும்பியது. கண்ணாடி இரண்டையும் யானைக்காதுபோல் விரித்துக்கொண்டு, எங்கும் உரசாமல், கம்பீரமாக ஏறி வந்தது. ரோஜா மாலை போட்டிருந்தது. பெரிய வண்டி.

ஷிபா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"லே, நில்லு நில்லு!" என்று ஷாஜன் கையை விரித்துக்கொண்டு குறுக்கே ஓடினார். "தப்பான வண்டியக் கொண்டு வந்திருக்க! எங்களுக்கு சின்னது! பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, என் குடும்பத்தைக் கெடுத்துராத!"

ஓட்டிவந்த டெல்வின், ஷோரூமின் டிரைவர், கதவை முழுசாகத் திறந்து நிதானமாக இறங்கினான்.

"உங்களுக்க சின்ன வண்டி பின்னால வருது அண்ணா. இது கிருஷ்ணமணி சாருக்கதாக்கும். போன ஓணத்துக்கே எடுத்தாரு, உங்ககிட்ட வழி கேக்கமாட்டேன்னு ஒரே பிடியா இத்தனை மாசமும் எங்க ஷெட்டுலயே போட்டிருந்தாரு."