சர்வருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன்

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்பவர்கள், அதோடு வேலை பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் சர்வர் சொன்னது. சொல்லக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

கேஸை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ரகம் நான். (மகள் பிறந்த பிறகு இன்னும் மோசம்.) அப்போது சாரம் பகுதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சர்வரைக் கவனிக்கும் வேலை. ரிசல்ட்டைத் தட்டிவிட்டு, 'பதிவானது' என்று வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

"என்னாம்மா இது, ஆமையாட்டம் போவுது? வெளிய சனம் கத்துது!" என்றார் முதலாளி அம்மா.

காரணம் ஒரு குட்டி பேட்டரி. ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னால் இருக்கும் கன்ட்ரோலர் கார்டு, எழுத வேண்டியதைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, உடனே "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். டிஸ்க்கில் எழுதுவது பிறகுதான். இடையில் கரண்ட் போனால் அந்த நினைவைக் காப்பாற்றவே பேட்டரி. அது செத்துப்போனதால் கார்டு உஷாராகி, ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே வாயைத் திறந்தது.

புது பேட்டரி சென்னையிலிருந்து வர வேண்டும். கார்டின் செட்டிங்ஸில் துழாவினேன். 'பேட்டரி இல்லாவிட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளவா?' என்று கேட்டது. யு.பி.எஸ். இருக்கிறதே! 'ஆம்' என்றேன். சர்வர் பறந்தது.

ஆயுத பூசை அன்று, படைப்பதற்குள் முடிக்க வேண்டுமென்று காலை ரிசல்ட்டெல்லாம் மடமடவென்று ஏறின. 'பதிவானது' என்று திரை சொல்லச் சொல்ல, ரத்தக் குப்பிகளும் துண்டுச் சீட்டுகளும் பூசைச் சுத்தத்தில் குப்பைக்குப் போயின. சர்வர் நெற்றியில் சந்தனம், குங்குமம். கடைசி ரிசல்ட்டுகள் ஏறிக்கொண்டிருக்கும்போதே, சுண்டல் ஆறிவிடுமே என்று முதலாளி அம்மா ரைஸ் குக்கரை யு.பி.எஸ்ஸில் செருகினார்.

லோடு தாங்காமல் யு.பி.எஸ். 'கீ' என்றது. எல்லாம் இருட்டு.

மறுபடி போட்டால் டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. பாதி எழுதியும் எழுதாமலும் குழம்பிக் கிடந்தது. முந்தின நாள் நகல்தான் மிச்சம்.

"சாயந்திரம் ரிப்போர்ட்டுக்கு வருவாங்களே, என்னா சொல்லுவ? இனிமே நீ வேணுமான்னு யோசிக்கணும்" என்றார் முதலாளி அம்மா. மகளின் பால் பவுடர் டப்பா கண்முன் வந்து நின்றது.

அத்தனை பேருக்கும் போன் செய்து, மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொல்லிக் கெஞ்சினேன். வந்தவர்களில் உழவர்கரைக்காரர் ஒருவர், ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, நேத்து எடுத்த ரத்தத்த எந்த சாமிக்குப் படைச்சீங்க?"

முதலாளி அம்மாவே சிரித்துவிட்டதால் வேலை தப்பியது. வீட்டில் மானம் தப்பவில்லை. நான் எதற்கு "ஆச்சு" என்றாலும் என் கணவர், "செஞ்சிட்டியா, இல்ல வாங்கி வச்சிருக்கியா?" என்பார். இப்போது மகளும் சேர்ந்துகொண்டாள்.

"ஸ்கூல் ஃபாரத்துல கையெழுத்து போட்டாச்சா?"

"ஆச்சுடி."

"கார்டு சொல்ற மாதிரி ஆச்சா, நெஜமாவே ஆச்சா?"

கோபமாகப் போய் எடுத்துப் பார்த்தேன். போட்டிருக்கவில்லை.