கைப்பிடி கழன்ற பம்புக்கு மாயி வந்த கதை

எங்கள் பேல்வா டோலாவில் அந்த மாதம் தினமும் நாலு டிராக்டர் ஜனம் வந்து இறங்கியது. தார் ரோடு வராத ஊர், ஆஸ்பத்திரி வராத ஊர். ஆனால் மாயி, எங்கள் தேவியம்மா, வந்துவிட்டாள். எங்கே? பள்ளிக்கூட முக்கில் இருக்கும் கைப்பம்புக்குள்ளே. கைப்பிடியே இல்லாமல் தண்ணீர் தானாகக் கொட்டியது, தங்கங்களே.

கைப்பிடியைக் கழற்றியவர் ஊருக்கு வந்து தங்கிய சாமியார், ஜலேசர் பாபா. "மாயியைக் கையைப் பிடிச்சு இழுக்கலாமா?" என்று கேட்டார். நியாயம்தான் என்று தலையாட்டினோம். ஆட்டத்தானே தலை.

ஊரில் உப்புக் கரிக்காத தண்ணீர் அந்த ஒரு பம்பில்தான். அது இப்போது பாட்டிலில் அடைபட்டு வெளியூர்ப் பக்தர்களுக்குப் போனது. எங்களுக்குக் கால்வாய், ஒன்றரை மைல். ஏழு மாதக் கர்ப்பிணி சுகியா தலையில் குடத்தோடு அந்த வழி நடந்தாள்.

எங்கள் பேச்சில் கரண்ட் ஒரு பெண். காலை பத்துக்கு விளக்கு எரிந்தால் "வந்துட்டா" என்று தெருவே கத்தும். இரண்டு மணிக்கு "போயிட்டா" என்று பெருமூச்சு விடும். மாயியும் பத்துக்கு வந்தாள், இரண்டுக்குப் போனாள். "வந்துட்டா" என்றதும் பக்தர்கள் மண்ணில் விழுந்து கும்பிட்டார்கள். யாரை என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நடுவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. "மாயி அம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்றார் பாபா. வெறுங்கையோடு போவாளா என்று புடவை எடுத்துக் கொடுத்தோம்.

சந்தேகப்பட்டவள் ராம்ரதி ஒருத்திதான். பம்புக்கு எதிரே மாவு மில் நடத்துகிறவள். சுகியா அவள் தம்பி பெண்டாட்டி. மில்லின் பின்னறையில்தான் பாபா வாடகைக்கு இருந்தார்.

"மாயி வந்ததுலேருந்து என் பல்பு மங்குதே, பாபா?"

"தேஜஸ், மகளே. அவ ஒளிக்கு முன்னால உன் பல்பு எம்மாத்திரம்?"

"சரி. மாவுக்கல்லு ஏன் முனகுது?"

"பக்தியில."

ராம்ரதி மாவு மூட்டைகளை நகர்த்திப் பார்த்தாள். பாபா அறைச் சுவரில் எலி வளை மாதிரி ஒரு துளை. அவள் சுவிட்சுப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு, எலி வால் மாதிரி ஒரு கறுப்பு வயர் அந்தத் துளைக்குள் போனது. எலிக்கு எதற்குக் கரண்ட்? அந்த வயரை மட்டும் கதவோரம் ஒரு தனிச் சுவிட்சில் மாட்டினாள்.

மறுநாள் பதினொரு மணி. நல்ல கூட்டம். ராம்ரதி மில் வாசலில் நின்று, ஒரு கையைக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"மாயி, நில்லு."

நின்றாள்.

"மாயி, வா."

வந்தாள்.

ஜனம் என்ன செய்தது? பாபாவைப் பிடித்ததா? "ராம்ரதி மாயிக்கு ஜே" என்று அவள் காலில் விழுந்தது. முதலில் விழுந்தவர் எங்கள் ஊர் முகியா, பஞ்சாயத்தின் தலைவர்.

"எந்திரிங்க மாமா, வேட்டியெல்லாம் மாவு. எனக்கு ஒரு சக்தியும் இல்ல. இந்தாங்க சுவிட்சு, நீங்களே அமுக்குங்க."

முகியா அமுக்கினார். மாயி போனாள். மறுபடி அமுக்கினார். வந்தாள். அவருக்குக் கையை எடுக்க மனமில்லை.

"போதும் மாமா, வரிசை நிக்குது."

பத்து நிமிஷத்தில் பதினேழு பேர் மாயியை வரவைத்துப் போகவைத்தார்கள்.

கால்வாயிலிருந்து வந்த சுகியா குடத்தை இறக்கிவிட்டு, பம்பைச் சுற்றியிருந்த சிவப்புத் துணியை இழுத்தாள். கீழே பள்ளத்தில் குழாயும் மோட்டாரும்.

"அது மாயியோட வாகனம்" என்றார் பாபா.

"வாகனத்துல கியாரண்டி அட்டை ஒட்டியிருக்கே" என்றாள் ராம்ரதி.

"வாகனம் கிடக்கட்டும் அக்கா," என்றாள் சுகியா. "கைப்பிடி எங்க?"

பாபாவின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கழற்றிய கையாலேயே மாட்ட வைத்தோம். முதல் குடத்தையும் அவரையே அடித்து நிரப்பச் சொன்னோம். பின்னால் ஊரே குடத்தோடு நின்றது.

இரண்டு மணிக்கு "போயிட்டா" என்று தெரு கத்தியது. தண்ணீர் நிற்கவில்லை. பாபா அடித்துக்கொண்டிருந்தார்.

பம்பின் கைப்பிடி கிடைத்துவிட்டது, தங்கங்களே. உங்கள் கழுத்துக்கு மேலே இருப்பதைக் கழற்ற எவனாவது வந்தால், ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு கேளுங்கள்: எதுக்குடா?