மாப்பிள்ளை சொன்ன நாய் உத்தியோகம்

சோலூர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை விஜயன் அவர்களுக்கு,

சோலூரிலிருந்து மாமா ஆறுக்குட்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா மருதாம்பாளும் மழைக்கு நடுவே ஒருவாறு சுகமாக இருக்கிறோம். திருப்பூரில் நீங்களும் தங்கை ரஞ்சனியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தவர் வீட்டுக்கு யோசனை சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனவர்கள் சுகமாகத்தான் இருப்பார்கள். போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். நான் என் மகள் கலைமதி பேச்சை எடுத்தாலே உங்கள் போனுக்கு டவர் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது என்பதால் எழுதுகிறேன்.

போன வருடம் மாரியம்மன் பண்டிகைக்கு நீங்கள் வந்திருந்தபோது, உங்கள் அக்கா வைத்த கோழிக்குழம்பைச் சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டே சொன்னது எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "ஏனுங்க மாமா, புள்ள ஆசப்படுதில்லீங்க. இப்பெல்லாம் நாய் சம்பந்தப்பட்ட வேலைக்குத்தானுங்க மவுசு. பெங்களூர்ல நாய்க்கு முடி வெட்டறவங்க காருல போறாங்க" என்றீர்கள். பி.காம். முடித்து, கோயம்புத்தூர் ஆடிட்டர் ஆபீசில் வேலைக்கு வரச்சொல்லி உத்தரவும் வாங்கிய பெண் அவள். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த அதே வாரம், ஊட்டி பெர்ன்ஹில்லில் ரோஸ்மேரி என்கிற அம்மாள் நடத்தும் நாய் விடுதியில் சேர்ந்துவிட்டாள். வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாயைக் கொண்டுவந்து விட்டுப்போகிற இடம் அது. அங்கே குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, சொன்ன பேச்சைக் கேட்கப் பழக்குவது எல்லாம் இவள் பொறுப்பு. சொன்ன பேச்சைக் கேட்கப் பழக்குகிறாளாம். யார் என்று பாருங்கள்.

பெற்ற மனம் கேட்காமல் ஒரு நாள் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். ஆளுக்கொரு அறை, அறைக்கொரு ஹீட்டர், உப்புப் போடாமல் வேகவைத்த கோழி. எங்கள் வீட்டில் ஹீட்டர் ரிப்பேராகி எத்தனை பனி போயிற்று என்பது உங்களுக்கே தெரியும். வராந்தாவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். ரோஸ்மேரி அம்மாள் ஓடிவந்து, "அங்கிள், தப்பா நினைக்காதீங்க, அது புரூனோவோட சேர். வேற யாராச்சும் உக்காந்தா அவன் மனசு கஷ்டப்படுவான்" என்றார். மாப்பிள்ளை, நான் தேயிலை பாக்டரியில் தலைமை எழுத்தராக இருந்து ரிட்டையர் ஆனவன். எஸ்டேட் மேனேஜரே என்னை உட்கார வைத்துத்தான் பேசுவார். அன்றைக்குப் புரூனோவின் மனசு கஷ்டப்படக் கூடாதென்று நின்றுகொண்டே காப்பி குடித்துவிட்டு வந்தேன். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "பொண்ணு என்ன பண்ணுதுங்க?" என்று கேட்கிறார்கள். "ஊட்டியில டிரெய்னிங் குடுக்குதுங்க" என்பேன். "யாருக்குங்க?" என்பார்கள். "எல்லாம் பெரிய ஊட்டுப் பிள்ளைங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். அதில் பொய் எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

தரகர் சிவகுரு மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வரன் கொண்டுவந்ததையும், அது நடக்கவில்லை என்பதையும் உங்கள் அக்கா சொல்லியிருப்பாள். எப்படி நடக்கவில்லை என்பதைச் சொல்லியிருக்க மாட்டாள். அவர்களிடமும் டிரெய்னிங் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு மட்டும் வீட்டில் நாய் கூடாது என்று கலைமதியிடம் கெஞ்சியிருந்தேன். ஆனால் முந்தின நாளே எவனோ ஒரு புண்ணியவான் தன் நாயைத் திரும்ப அழைத்துப்போக வராததாலும், விடுதியில் இடமில்லாததாலும், கன்றுக்குட்டி அளவுக்கு ஒன்று எங்கள் வீட்டுக் கொல்லையில் கட்டிக் கிடந்தது. கேசரி வாசனைக்கு அது சங்கிலியை உருவிக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வந்துவிட்டது. பையனின் அம்மா கட்டில் மேல் ஏறிவிட்டார். பையனின் அப்பா போய்விடலாம் என்று எழுந்தார். கலைமதி சமையலறையிலிருந்து வந்து, விரலை நீட்டி, "சிட்" என்றாள். நாய் உட்கார்ந்தது. பையனின் அப்பாவும் உட்கார்ந்துவிட்டார். உங்கள் மருமகள் அதோடு நிறுத்தியிருக்கலாம். வேலைப் பழக்கத்தில், "குட் பாய்" என்று வேறு சொல்லிவிட்டாள். யாரைச் சொன்னாள் என்பதில்தான் பிரச்சினை வந்தது. பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அதைப் பார்த்து அவன் அம்மாவுக்கு இன்னும் கோபம். கேசரியைத் தொடாமல் போனார்கள். மறுநாள் சிவகுரு போன் செய்தார். "ஏனுங்க, மாப்பிள்ள ஊட்டுல என்ன சொல்றாங்கன்னா, கல்யாணத்துக்கு முன்னாடியே மாமனார உக்கார வெச்ச பொண்ணு, அப்பறம் எந்திரிக்க உடாதுங்கறாங்க" என்றார். கேசரியை அந்த நாய்தான் சாப்பிட்டது.

சரி, சத்தம் போட்டாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் இந்த வீட்டில் வழியில்லை. நான் சத்தம் போட ஆரம்பித்தால் அவள் எதிர்ப்பேச்சு பேசுவதில்லை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு மெல்லக் கொட்டாவி விடுகிறாள். படபடப்பில் இருக்கிற நாயை அப்படித்தான் அமைதிப்படுத்த வேண்டுமாம். உங்கள் அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். இப்போது நான் வாயைத் திறந்தால் வீட்டில் இரண்டு பேர் கொட்டாவி விடுகிறார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு மாதம் முன்பு குன்னூரில் ஒரு பங்களாக்காரர் இறந்துபோனார். வெளிநாட்டிலிருந்து வந்த மகன், அப்பா வளர்த்த மேஜர் என்கிற நாயை ரோஸ்மேரி அம்மாளிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினார். அதன்பிறகு போனை எடுக்கவில்லை. நாய் சோறு தின்னாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்ததாம். இவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாகக் கையில் வைத்து ஊட்டி அதை எழுப்பி நடக்க விட்டாள். அதற்குக் காதில் சீழ். டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை விடப்போனபோது இவள் வலது கையைக் கடித்துக் கிழித்துவிட்டது. செய்தி கேட்டு நானும் உங்கள் அக்காவும் ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பெஞ்சில் கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துண்டு பூராவும் ரத்தம். உங்கள் அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்த நாய் கண்ணு?" என்று கேட்டேன்.

"மேஜருங்கப்பா. அவன் மேல தப்பில்ல. வாய்ப்பூட்டு மாட்டாம காதத் தொட்டுப்போட்டேன். அவனுக்கு வலிச்சிருக்கும். பயந்துட்டான்."

தையல் போட்டார்கள், ஊசி போட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், இடையில் ரோஸ்மேரி அம்மாளுக்குப் போன் போட்டு, "அவன் சாப்பிட்டானா?" என்று கேட்கிறாள். மாப்பிள்ளை, கடித்த நாய்க்கு வக்கீலாக நிற்கிற பெண்ணை நான் பெற்றிருக்கிறேன். அது எதற்குக் குரைக்கிறது, எதற்கு வாலை மடக்குகிறது, எதற்குக் கடிக்கிறது என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் காரணம் இருக்கிறது. ஒரு வருடமாக நான் கத்திக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு வலிச்சிருக்கும், பயந்துட்டாரு என்று என்னைப் பற்றி ஒரு தடவையாவது அவள் சொல்லிக் கேட்டதில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வந்தே ஆக வேண்டும். உங்கள் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் இடத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். எந்த நாய்க்கும் சொந்தமில்லாத நாற்காலியாக இருக்கட்டும். நான் சொன்னால் கொட்டாவி விடுவாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். உள்ளே தள்ளிவிட்டவர் நீங்கள், வெளியே இழுத்துவிடுவதும் உங்கள் வேலைதான்.

தங்கை ரஞ்சனிக்கு எங்கள் அன்பு. குழந்தைகள் இருவரும் நோய்நொடி இல்லாமல் வளர்ந்து, நன்றாகப் படித்து, தகப்பனாரின் யோசனை எதையும் காதில் வாங்காமல் பெரிய நிலைக்கு வர என் மனமார்ந்த ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
ஆறுக்குட்டி

பின்குறிப்பு: மழையால் இதைத் தபாலில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அதற்குள் கலைமதி, அவளாகவே என்னிடம் வந்து, "அப்பா, நான் வேலைய உட்டர்றனுங்க. மாமாகிட்டச் சொல்லித் திருப்பூர்ல ஏதாச்சும் பாருங்க" என்றாள். ஒரு வருடமாக நான் காத்திருந்த பேச்சு. சந்தோஷமாக அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டேன். தெரு முனையில் பால்காரர் வீட்டுக் குட்டி நாய் ஒன்று, இன்னும் சரியாகக் கண்கூடத் தெரியாதது, காலடிக்கு வந்தது. அவள் என் முதுகுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள். குட்டி திரும்பிப் போன பிறகும் என் சட்டையைப் பிடித்த கையை விடவில்லை. அந்தப் பயம் எனக்குப் பிடிக்கவில்லை, மாப்பிள்ளை. அதைத் திருப்பூருக்கு அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் நானே அவளை பெர்ன்ஹில்லுக்கு அழைத்துப்போனேன். கடிக்கிற நாயை இனி யாரும் எடுக்க மாட்டார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார் ரோஸ்மேரி அம்மாள். கம்பிக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். கலைமதி எனக்குப் பின்னால். மேஜர் எழுந்து வந்து உறுமியது. நான் பின்வாங்கி அவள் காலையே மிதித்துவிட்டேன். என் பயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "மூச்ச மெல்ல உடுங்கப்பா. அவன் கண்ணப் பாக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்து, எனக்கும் கம்பிக்கும் நடுவில் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் இடது கையைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அது மோந்து பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது கை முழுதாக இருந்தது.

எனவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். வந்து வேலையை விடு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டாம். வந்தாலும் நான் வீட்டில் இருக்க மாட்டேன். அவள் கை ஆறும் வரை மேஜருக்குச் சோறு வைக்கிற பொறுப்பை ரோஸ்மேரி அம்மாள் என்னிடம் கொடுத்திருக்கிறார், ஞாயிறு விடுமுறை கிடையாதாம். இதற்கும் காரணம் நீங்கள்தான் என்பதை ஞாபகம் வைத்திருக்கிறேன்.