ரெட்டைத்திரையாரின் மற்றத் திரை

என் எழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பத்திரிகைக்காரர் பொறுத்துத் திருத்திக்கொள்ளட்டும்.

யுத்த காலத்தில் திருகோணமலையில் எல்லாரிடமும் இரண்டு கதை இருந்தது: வெளியே சொல்ல ஒன்று, உள்ளே வைத்துக்கொள்ள ஒன்று. அதை வயர் இழுத்து, கரண்ட் கொடுத்து நடத்தின ஒரே மனிதர் ரெட்டைத்திரையார்.

லிங்கநகர்க்காரர். மீன்பிடிக்காரருக்கு உதவும் ஒரு நிறுவனத்தில் வேலை. லப்டொப்பையும் புரொஜெக்டரையும் மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் மீனவர் சங்கத்துக்கு வருவார்.

"சுவரில விழுற படம் உங்களுக்கு. லப்டொப்பில நான் என்ன கதைக்கவேணும் எண்டு குறிப்பு இருக்கும். அது எனக்கு மட்டும்."

மீன் வாங்க வரும் கிண்ணியா நானா விடமாட்டார். "அப்ப எங்களுக்குக் காட்டுறது பொய்யோ சேர்?"

"பொய்யில்ல நானா, சுருக்கம்."

சோதனைச் சாவடியிலும் இதையே சொன்னார். "எனக்கு மட்டும்" என்றதும் ஆமிக்காரன் இறக்கிக் காட்டச் சொன்னான். இவர் லப்டொப்பை மண்மூட்டைமேல் வைத்து, மீன்குஞ்சுகளைக் காப்பாற்றுவது பற்றி முழுக்கூட்டமே நடத்தினார். "போங்க மாத்தயா, போங்க!" என்று ஆமிக்காரன் கும்பிட்டானாம்.

எங்கள் படகுகளுக்கு எஞ்சின் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்ய வெள்ளைக்காரர் சிலர் வந்தார்கள். என் படகுக்குத் துடுப்புத்தான். நேவிக்காரன் கடலுக்கு விடுகிற நேரமோ கொஞ்சம். நான் மீன் இருக்கும் இடத்துக்குப் போய்ச்சேர, திரும்பி வரும் நேரம் வந்துவிடும். ஆனால் சபையில் எழுந்து கேட்க எனக்கு ஏலாது. யாரும் பெயரைக் கேட்டாலே வியர்க்கும்.

அன்று பார்த்து வயர் மாறியதோ, விரல் மாறியதோ, இரண்டு திரையும் இடம் மாறிவிட்டன. அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடி போட்டால் வயது தெரியும் என்று கழற்றி வைத்துவிட்டு, குறிப்பைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார். சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். சுவரில் பெரிய எழுத்தில் விழுந்தது:

"இங்கே இருமவும்."

இருமினார். சபை சிரித்தது.

"வெள்ளைக்காரர் கொட்டாவி விட்டால் படகுப் படம் போடு. தலைவரிடம் மைக்கைக் கொடுக்காதே, திரும்பத் தரமாட்டார்."

தலைவரைத் தவிர எல்லாரும் வயிற்றைப் பிடித்தோம். மொழிபெயர்க்க வந்த பிள்ளை அதையும் ஒழுங்காக இங்கிலீசில் சொல்ல, வெள்ளைக்காரரும் சிரித்தார்கள். "சிரியுங்கோ, சிரியுங்கோ" என்று இவருக்குப் பெருமை. கடைசிக் குறிப்பு வந்தது:

"தவம் கேட்கமாட்டான். துடுப்புப் போட்டு அவன் கை போச்சு. அவனுக்கும் சேர்த்து நீ கேள்."

பிள்ளை மெதுவாக மொழிபெயர்த்தாள். ஒரு வெள்ளைக்காரர் தவம் யார் என்று கேட்டார். நான் கதிரைக்குக் கீழே எதையோ தேடினேன். நானா என் கொலரைப் பிடித்துத் தூக்கினார்.

"இந்தா, இந்த ஊமையன்தான்!"

அப்போதுதான் ரெட்டைத்திரையார் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "ஐயோ, அது எனக்கு மட்டும்!" என்று ஓடிப்போய்ப் புரொஜெக்டரைத் துவாயால் மூடினார்.

எஞ்சின் வந்தது. இன்றைக்கும் ஓடுகிறது. அவர்தான் இல்லை.

இதை எழுதி முடித்தது ஆடி அமாவாசைக்கு முதல்நாள். நாளைக்குக் கடலில் அப்பாவுக்குத் தண்ணீர் விடும்போது அவருக்கும் ஒரு கை விடவேண்டும். அவர் கேட்கமாட்டார்.