மரத்துக்குப் போன பல்வலி

ஆம்பூர் பைபாஸ் ஓரம், ஒரு ஷூ கம்பெனி கேட்டுக்கு எதிரே வேப்பமரம் ஒன்று இருக்கிறது. போன பங்குனியிலிருந்து அந்த மரத்துக்குப் பல்வலி.

மரத்துக்கு ஏது பல் என்று கேட்கிறவர்கள் ஊருக்குப் புதியவர்கள். மனிதர்களின் பல்வலியைத்தான் அது வாங்கிக்கொண்டிருந்தது. வாங்க வைத்தவர் ஆணிச்சித்தர். வலிக்கிற இடத்தைக் காட்டினால் போதும். ஈறில் பச்சை நிற மூலிகைச் சாந்தை ஒரு தடவு தடவுவார். மந்திரம் முணுமுணுத்துக்கொண்டே மரத்தில் ஓர் ஆணி அடிப்பார். வாயை மூடிக்கொண்டு நீங்கள் மரத்தை ஏழு சுற்று சுற்ற வேண்டும். சுற்றி முடிப்பதற்குள் வலி உங்களை விட்டு மரத்துக்குப் போய்விடும். முன்பல்லுக்குச் சின்ன ஆணி, கடவாய்ப் பல்லுக்கு நீள ஆணி. ஆணி நீள நீளக் காணிக்கையும் நீளும். சாந்து மட்டும் இலவசம். பேய்க்கு ஆணி அடித்த மக்கள் பல்லுக்கு ஆணி அடிக்க வந்துவிட்டார்கள். நாடு முன்னேறவில்லை என்று யார் சொன்னது?

குடியாத்தத்திலிருந்து டெம்போ வைத்து வந்தார்கள். மேல்விஷாரத்திலிருந்து தோல் வியாபாரிகள் காரில் வந்தார்கள். நெற்றியில் விபூதி, கழுத்தில் சிலுவை, தலையில் தொப்பி, எல்லோரும் ஒரே வரிசையில் ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்தபடி நின்றார்கள். எத்தனையோ சமாதானக் கூட்டம் போட்டும் வராத ஒற்றுமையைச் சொத்தைப் பல் கொண்டுவந்துவிட்டது. ஆணி இறங்கிய இடங்களில் மரத்திலிருந்து பிசின் வடிந்தது. மரம் வலி தாங்காமல் அழுகிறது என்று யாரோ செல்போனில் படம் பிடித்துப் போட, மறுநாள் கூட்டம் இரட்டிப்பானது.

இத்தனை பேரில் ஒருவராவது அந்த வேம்பில் ஒரு குச்சியை ஒடித்துப் பல் துலக்கியிருந்தால் கொஞ்சமாவது பயன் இருந்திருக்கும். ஆனால் குச்சி ஒடிப்பது பாவம் என்று சித்தர் சொல்லியிருந்தார். ஆணி அடிப்பது பாவமில்லை.

எதிர் கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் வேலை செய்தாள் பாக்யலட்சுமி. ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமம். விடியும் முன்னே கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குள் சோறாக்க வேண்டும், இரண்டு பிள்ளைகளுக்கும் டப்பா கட்ட வேண்டும். ஒரு கையால் குழம்பைக் கிளறியபடி மறு கையால் பல் விளக்குவாள். தெருமுனையில் ஹாரன் கேட்டதும் பல்விளக்கல் முடிந்தது. பல் சுத்தமானதா என்பதை ஹாரன்தான் முடிவு செய்யும். கம்பெனியில் இரண்டு வேளை டீ, நிறையச் சர்க்கரை போட்டு, கூடவே பன். கொப்பளிக்கப் போனால் குழாயடியில் வரிசை, அதனால் போவதில்லை. ராத்திரி தின்ற வாயோடு தூக்கம்.

ஒரு வருஷமாகப் பல் துலக்கும்போது எச்சிலில் ரத்தம் வந்தது. உடம்புச் சூடு என்று நினைத்தாள். ரத்தம் வருகிற பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டாள். அந்தப் பக்க ஈறும் நன்றி மறக்காமல் மேலும் வீங்கியது. அப்புறம் கடவாய்ப் பல் ஒன்று வலிக்க ஆரம்பித்தது. காதுவரை இழுத்தது.

சூப்பர்வைசர் மூர்த்தியிடம் போய், பல் டாக்டரைப் பார்க்க அரை நாள் வேண்டும் என்று கேட்டாள். மூர்த்தி கெட்டவர் அல்ல. டார்கெட் என்ற ஒரே தெய்வத்தைக் கும்பிடுகிறவர், அவ்வளவுதான்.

"அரை நாள் எதுக்கும்மா? எதிர்லயே சித்தர் இருக்காரு. சாயங்கால டீ டைம்ல போய்ட்டு வந்துடு. மெஷினும் நிக்காது, உன் சம்பளமும் போவாது."

போனாள். நீள ஆணிதான் அடித்தார்கள். நாலாவது சுற்றில் வலி குறைந்தது. ஏழாவது சுற்றில் தனக்கு அப்படி ஒரு பல் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. பல மாதம் கழித்து நிம்மதியாக உட்கார்ந்து தைத்தாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரிடமும் சித்தரின் பெருமையைச் சொன்னாள். பஸ் மாதனூரைத் தாண்டும்போது வலி திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் சித்தர் மரத்தைத் தட்டிப் பார்த்தார். ஆணி இளகிவிட்டதாம். இன்னொன்று அடிக்க வேண்டுமாம். கூடவே ஒரு பத்தியமும் சொன்னார். ஆணி அடித்த பக்கம் பிரஷ் படக்கூடாது, பட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். இந்தப் பத்தியம் எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துப் போனது. விரதம் இரு என்றால் கஷ்டம், மலை ஏறு என்றால் கஷ்டம். பல் துலக்காதே என்று சொல்லும் சாமியார் எளிதில் கிடைப்பாரா?

வாரக்கணக்கில் ஆணி இளகியது, வாரக்கணக்கில் அடித்தார்கள். ஒரு நாள் காலை பாக்யலட்சுமி கன்னமும் தாடையும் வீங்கி, காய்ச்சலோடு மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்க முடியவில்லை. எச்சில் விழுங்கவே கஷ்டப்பட்டாள்.

அவள் தைக்கும் வரிசையின் கடைசியில் செக்கிங் வேலை பார்க்கும் ஹஃப்ஸா ஆம்பூர்க்காரி. ஒரு தையல் பிசகினாலும் ஷூவைத் திருப்பி அனுப்புகிறவள் என்பதால் கம்பெனியில் அவளைப் பிடிக்காதவர்கள் ஜாஸ்தி. பாக்யலட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து மூர்த்தியிடம் போனாள். அனுமதி கேட்கவில்லை. ரெண்டு பேரும் டாக்டர் கிட்ட போறோம் சார் என்று தகவல் சொன்னாள். மூர்த்தி எதிரே இருக்கிற மரத்தைப் பார்த்தார். ஹஃப்ஸா ஆட்டோவைப் பார்த்தாள்.

பஜாரில் இருந்த பல் மருத்துவர் ஓர் இளம்பெண். சீழை எடுத்தார், ஊசி போட்டார், வீக்கம் வடிந்த பிறகு பல்லை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். சீழ் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்ததாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மூச்சே அடைத்திருக்கும் என்றார்.  பாக்யலட்சுமிக்குப் பிள்ளைகளின் முகம்தான் ஞாபகம் வந்தது.

ரத்தம் வருதேன்னு பிரஷ் பண்றதை விட்டது தப்பு என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். ஈறோரம் அழுக்கு சேர்ந்ததால்தான் ரத்தமே. காலையில் நேரமில்லை என்றால் பரவாயில்லை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவையாவது மெதுவான பிரஷால் நிதானமாகத் துலக்கு, டீ குடித்த பிறகு ஒரு வாய் தண்ணீரில் கொப்பளி என்றார். கடைசியில், இவ்வளவு வலியை எப்படித் தாங்கினாய் என்று கேட்டார்.

பாக்யலட்சுமி வெட்கத்தோடு மரத்தைப் பற்றிச் சொன்னாள். ஆணி அடித்ததும் கொஞ்ச நேரம் வலி சுத்தமாக இருக்காது, உதடும் நாக்கும்கூடத் தடித்த மாதிரி இருக்கும், ஒரு தடவை சூடு தெரியாமல் டீயைக் குடித்து உதடு வெந்துவிட்டது என்றாள்.

இது ஹஃப்ஸாவின் காதில் விழுந்தது. பல்வலி மரத்துக்குப் போனால் உதடு எதற்குத் தடிக்க வேண்டும்?

அவளுக்குத் தெரிந்தது கம்பெனி வழி. ஷூவில் சோல் பிய்ந்து வந்தால் குற்றம் பசையிலா தோலிலா என்று சண்டை வரும். பசையை மாற்றித் தோலை அப்படியே விட்டு ஒரு ஜோடி, தோலை மாற்றிப் பசையை அப்படியே விட்டு ஒரு ஜோடி செய்து பார்த்தால் சண்டை தீர்ந்துவிடும். மரத்தடியில் நடப்பதும் இரண்டு காரியம்தான். ஒன்று சாந்து, ஒன்று ஆணி. ஆயிரம் பேர் வந்து போனார்கள், ஒருவரும் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

பாக்யலட்சுமி பல்லை எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய வாரம், சாப்பாட்டு நேரத்தில் இருவரும் மரத்தடிக்குப் போனார்கள். வரிசையின் முன்னால் இஷ்தியாக் அகமது என்கிற லாரி டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோல் லோடு இறக்கிவிட்டு வந்தவர். ஹஃப்ஸா அவரிடம் ஏதோ பேசினாள். வலி போனால் சரி என்று தலையாட்டினார். பிறகு சித்தரிடம் மரியாதையாகவே கேட்டாள்.

"சாமி, இவருக்கு ஆணி மட்டும் அடிங்க. சாந்து வேணாம்."

சித்தர் சிரித்தார். சாந்தும் ஆணியும் தாயும் தகப்பனும் மாதிரி, பிரிக்கக்கூடாது என்றார்.

"காணிக்கை ஆணிக்குத்தானே வாங்கறீங்க. சாந்து சும்மா தர்றது. சும்மா தர்றதை விட்டுட்டா இன்னா ஆயிடும்?"

வரிசையில் நின்றவர்களுக்கு இது நியாயமாகப் பட்டது. நாமெல்லாம் ஆணிக்குத்தானே கொடுக்கிறோம் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். சித்தர் தான் வகுத்த கட்டணத்திலேயே மாட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் இருப்பதிலேயே நீளமான ஆணியை அடித்தார். டிரைவர் ஏழு சுற்று சுற்றி வந்து கன்னத்தைத் தடவிப் பார்த்தார். வலி இருந்த இடத்தில் இருந்தது. இன்னோர் ஆணி. இன்னும் ஏழு சுற்று. வலி அசையவில்லை.

நம்பிக்கை போதவில்லை என்றார் சித்தர்.

"நம்பிக்கை இல்லாமலா இந்த வெயில்ல செக்கு மாடு மாதிரி சுத்திக்கினு இருக்கேன்?" என்றார் டிரைவர்.

ஹஃப்ஸா கிண்ணத்திலிருந்து சாந்தைத் தொட்டுத் தன் உதட்டிலும் நாக்கிலும் தடவிக்கொண்டாள். ஆணி இல்லை, மந்திரம் இல்லை, சுற்று இல்லை. சும்மா நின்றாள். கூட்டமும் அவள் வாயையே பார்த்து நின்றது. கொஞ்ச நேரத்தில் உதட்டைக் கிள்ளிக் காட்டி, ஒன்றும் தெரியவில்லை என்றாள். பேச்சு குழறியது.

சித்தர் அது நடிப்பு என்றார். அந்த நேரம் ஆட்களைத் தேடிக்கொண்டு மூர்த்தி வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஹஃப்ஸா மீது அவருக்குக் கோபம் வந்தது. சாமி விஷயத்தில் என்ன விளையாட்டு என்று சொல்லி, அவள் நடிக்கிறாள் என்று நிரூபிக்கக் கிண்ணத்திலிருந்து ஒரு பெரிய உருண்டை எடுத்துத் தன் நாக்கில் வைத்துக்கொண்டார். பிறகு பெருமையோடு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துக் கட்டளையிட்டார்.

"ழஞ்சு முழிஞ்சிழுச்சு. எழ்ழாழும் ழைனுக்குப் போங்க."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். மூர்த்தி இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். இன்னும் மோசமாக வந்தது. கையால் நாக்கைப் பிடித்துப் பார்த்தார், அது இருந்தது.

ஹஃப்ஸா வாயைக் கொப்பளித்துவிட்டு, குழறினாலும் புரியும்படி மெதுவாகச் சொன்னாள்: "வலி மரத்துக்குப் போகல. நம்ம வாய்தான் மரத்துப் போச்சு."

டிரைவர் மரத்துக்குப் பின்னால் தொங்கிய மஞ்சள் துணியை விலக்கினார். அட்டைப் பெட்டி நிறைய டியூபுகள். பல் டாக்டர்கள் ஊசி போடும் முன் ஈறில் தடவும், மரத்துப்போக வைக்கிற மருந்து. பக்கத்தில் பச்சைக் கலர் பொடி. இவைதான் பொதிகை மலையில் பறித்த மூலிகைகள். ஏழு சுற்று எதற்கு என்பதும் அப்போதுதான் விளங்கியது. மருந்து வேலை செய்ய நேரம் வேண்டாமா?

சித்தர் கையை உயர்த்திச் சாபம் கொடுக்க வாயை அகலமாகத் திறந்தார். வெயில் பட்டு உள்ளே ஏதோ பளபளத்தது. பாக்யலட்சுமி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கடவாய்ப் பல்லில் உலோக உறை.

"சாமி, அந்தப் பல்லுக்கு இந்த மரத்துல எந்த ஆணி?" என்று கேட்டாள்.

சித்தர் வாயை மூடினார். அவள் விடவில்லை. அந்த உறையை எங்கே போட்டுக்கொண்டார் என்று திரும்பக் கேட்டாள். டிரைவர் இன்னும் ஓர் அடி நெருங்கி வந்தார்.

"வேலூர்ல," என்றார் சித்தர் மெதுவாக. "டாக்டர் கிட்ட."

அவ்வளவுதான். போலீஸ் வந்து விசாரித்தபோது சித்தர் துரைசாமி ஆனார். அரக்கோணம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். கூட்டம் கலைந்தது. சிலர் ஆணியைப் பிடுங்கி எடுத்துப் போனார்கள். மிச்சமிருந்த சாந்தில் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டவர்களும் உண்டு. வரலாறு அவர்களை மறக்காது.

டிரைவர் அன்றைக்கே பஜார் டாக்டரிடம் போனார். கம்பெனியில் பெண்கள் சேர்ந்து போய்ப் பேசினார்கள். பல் டாக்டரிடம் போகிறவர்களுக்கு முறை வைத்து அரை நாள் தருவதாக மூர்த்தி ஒப்புக்கொண்டார். அன்று மட்டும் அவர் அதிகம் பேசவில்லை.

பாக்யலட்சுமிக்கு ஒரு பல் போனது போனதுதான். ராத்திரி பிள்ளைகளோடு வாசலில் நின்று பல் துலக்குகிறாள். டீக்குப் பிறகு, குழாயடி வரிசை பேஜார் என்று பாட்டிலில் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கிறாள். எச்சிலில் ரத்தம் நின்றுவிட்டது. இதற்கெல்லாம் யாரும் அவளைச் செல்போனில் படம் பிடிக்கவில்லை.

இப்போது பேர்ணாம்பட்டு ரோட்டில் ஒருவர் எலுமிச்சம்பழத்தால் முழங்கால் வலியை உறிஞ்சி எடுக்கிறாராம். டெம்போக்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. போகிறவர்களைத் தடுக்க நமக்கு என்ன அதிகாரம்? ஏறி உட்காரும் முன் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த எலுமிச்சைச் சாமியாருக்கு முழங்கால் வலித்தால், அவர் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்?